கீத் சேத்தியா, பங்கஜ் அத்வானியா?

1992-ல் பம்பாயில் உலக புரொஃபஷனல் பில்லியர்ட்ஸ் போட்டி நடந்தது. அதில் அகமதாபாத்காரர் கீத் சேத்தி ஒரு முறை மேஜைக்குப் போனார். அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது ஸ்கோர் போர்டில் 1,276 என்று இருந்தது. ஒரே வரிசையில், நடுவில் ஒரு அடிகூடத் தப்பாமல், அத்தனை பாயின்ட்! எதிராளி அவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கிரிக்கெட்டிலாவது ஃபீல்டிங் பண்ணலாம், வாயில் சூயிங்கம் மெல்லலாம். பில்லியர்ட்ஸில் உட்கார்ந்திருப்பதுதான் தண்டனை.

2024 நவம்பரில் தோஹாவில் பெங்களூரு பங்கஜ் அத்வானி, இங்கிலாந்தின் ராபர்ட் ஹாலை 4-2 என்று ஜெயித்து உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வாங்கினார். அது அவருடைய 28-வது உலகப் பட்டம். இருபத்தெட்டு! நம் வீட்டில் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் அத்தனை இருக்குமா என்பதே சந்தேகம்.

சரி, இப்போது கேள்வி. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் மிகப் பெரிய பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் யார்?

இதையெல்லாம் பெரிய கிளப்புகளில், ஏ.சி. அறையில், ஷூ போட்டவர்கள்தான் விவாதிப்பார்கள் என்று நினைப்பீர்கள். நான் இந்த விவாதத்தைக் கேட்டது தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில். தேங்காய் மண்டி வைத்திருந்த என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில். 2025 மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம்.

காரிமங்கலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தது ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூர் போகிற பஸ்ஸில் நீங்கள் தூங்கிக்கொண்டு வந்த இடம் அது. மலைமேல் ஒரு சிவன் கோயில், கீழே வாரச்சந்தை, சந்தையில் ஆடு, கோழி, தேங்காய். எங்கள் ஊர் விவாதங்களுக்கும் அதே வீச்சுதான். சிவாஜியா எம்.ஜி.ஆரா, இளையராஜாவா ரஹ்மானா, மல்கோவாவா செந்தூராவா என்பதைத் தாண்டி யாரும் போனதாகச் சரித்திரம் கிடையாது. மாங்காய் விவகாரத்தில் மட்டும் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஊரில் பில்லியர்ட்ஸ் எப்படி வந்தது?

எதிர் வீட்டில் ஒரு பேங்க் மேனேஜர் இருக்கிறார். ரிட்டயர்டு. சர்வீஸில் பாதியை அகமதாபாத்திலும் பம்பாயிலும் கழித்தவர். அவர் கீத் சேத்தி கட்சி. என் சித்தப்பா மகன் பங்கஜ் அத்வானி கட்சி. பெங்களூரில் இருக்கிறான். டி.வி-யில் பட்டிமன்றம் முடிந்து விளம்பரம் வந்த நேரத்தில், மேனேஜர் சும்மா இருக்காமல், "என்னப்பா தம்பி, உன் ஆளு இருபத்தெட்டு வாங்கிட்டானாமே?" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், டி.வி. அணைந்தது.

மேலே போவதற்குள் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு அடிக்கு ஆறடி மேஜை. பச்சைத் துணிக்கு அடியில் ஸ்லேட் கல். மூன்றே பந்து: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. என் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் 'கேனன்', 2 பாயின்ட். சிவப்பைக் குழியில் தள்ளினால் 3, எதிராளி பந்தைத் தள்ளினால் 2. சிவப்பில் பட்டு என் பந்தே குழியில் விழுந்தாலும் 3. கேரமில் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஃபைன் கட்டுகிறோமே, இங்கே அதற்கு பரிசு! ஆக, ஒரு அடிக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். 1,276 என்றால் சுமார் ஐந்நூறு அடி. ஐந்நூறு அடியும் தப்பக் கூடாது என்பது மட்டுமில்லை, ஒவ்வொரு அடியிலும் அடுத்த அடிக்கு வசதியாகப் பந்துகள் வந்து நிற்க வேண்டும். பந்தியில் ஒரு கை பரிமாற, இன்னொரு கை அடுத்த இலையைப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி.

மேனேஜர் தன் கேஸை நன்றாகவே நடத்தினார். "1985-ல டெல்லியில உலக அமெச்சூர் பட்டம், 87-ல பெல்ஃபாஸ்ட்ல இன்னொண்ணு. புரொஃபஷனல் பட்டம் அஞ்சு. 92, 93, 95, 98, அப்புறம் 2006. நாப்பத்தஞ்சு வயசுல ஜெயிச்சிருக்கார் தம்பி! கேல் ரத்னா அவார்டை ஆனந்துக்கு அடுத்து வாங்கினது அவர்தான். 1276 அடிச்சப்போ நான் பம்பாய் பிராஞ்சுலதான் இருந்தேன். பத்து நிமிஷம் பர்மிஷன் கேட்டேன். குடுக்கலை."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு ஆறவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். பத்து நிமிஷத்தில் அவர் என்ன பார்த்திருப்பார்? நூறு பாயின்ட் பார்த்திருந்தால் ஜாஸ்தி.

தம்பி அவசரப்படவில்லை. "சார், 2003-ல சைனாவுல உலக ஸ்நூக்கர் பட்டம் வாங்கறப்ப அத்வானிக்கு வயசு பதினெட்டு. ரெண்டு வருஷம் கழிச்சு மால்டாவுல பில்லியர்ட்ஸ். அதுல டைம் ஃபார்மட், பாயின்ட் ஃபார்மட் ரெண்டையும் ஒரே வருஷம் எடுத்தாரு. அத 2008-ல மறுபடி செஞ்சாரு, 2014-ல மறுபடி செஞ்சாரு. ஏஷியன் கேம்ஸ்ல ரெண்டு கோல்டு. உங்க ஆளு ஒரு ஆட்டத்துல ராஜா. என் ஆளு ரெண்டு ஆட்டத்துல."

இந்த 'ரெண்டு ஆட்டம்' விஷயம் லேசானதில்லை. ஸ்நூக்கரும் பில்லியர்ட்ஸும் ஒரே மேஜை, ஒரே குச்சி. ஆனால், மனசு வேறு. பில்லியர்ட்ஸில் பந்துகளைக் கிட்டக் கிட்ட மேய்த்துக்கொண்டு போக வேண்டும். ஸ்நூக்கரில் தூரத்துப் பந்தைக் குழியில் போட்டு மேஜையைக் காலி பண்ண வேண்டும். நாதஸ்வரக்காரரையே தவிலும் அடிக்கச் சொல்லுகிற மாதிரி. இரண்டிலும் உலக சாம்பியன் என்பது யோசிக்க யோசிக்க பயமாகத்தான் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்து இருபது வருஷம் ஆனாலும் இருபத்தெட்டு என்று ஒரு தொகையைப் பார்த்தால், உள்ளே என்னென்ன அயிட்டம் என்று பிரித்துப் பார்க்கத்தான் கை போகும். அந்த இருபத்தெட்டில் பில்லியர்ட்ஸ் இருக்கிறது, ஸ்நூக்கர் இருக்கிறது, ஆறே சிவப்புப் பந்து வைத்து ஆடும் குட்டி ஸ்நூக்கர் இருக்கிறது, டீம் பட்டமும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கலத்தில் கூட்டினால் ஆடிட்டர் ஒரு அடிக்குறிப்புக் கேட்பார். மேனேஜருக்கு இந்த பாயின்ட்டை நான் எடுத்துக் கொடுக்க, அவர் குஷியாகிவிட்டார்.

ஆனால், அதே ஆடிட்டர் 1,276-க்கும் ஒரு குறிப்புக் கேட்பார். பாயின்ட் ஃபார்மட்டில் ஒரு ஃப்ரேம் 150 பாயின்ட்டோடு முடிந்துவிடும். அங்கே சேத்தியே வந்து ஆடினாலும் ஆயிரம் அடிக்க வழி இல்லை. பாத்திரத்தின் அளவே ஒரு படி என்றால் அதில் எப்படி மரக்கால் அளப்பது? கணக்கு எழுதுகிற முறையை மாற்றிவிட்டு லாபத்தை ஒப்பிடக் கூடாது என்று எங்கள் அக்கவுன்டன்ஸி புரொபசர் தலைதலையாக அடித்துக்கொள்வார்.

பழைய ரெக்கார்டுகளிலும் இதே தகராறுதான். 1932-ல் லண்டனில் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் ஒரே மூச்சில் 4,137 அடித்தார். சேத்தியைப் போல மூன்று மடங்கு! ஆனால், லிண்ட்ரம் மூன்று பந்தையும் உள்ளங்கை அளவு இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, கேனன் கேனனாகத் தட்டிக்கொண்டே போவதில் மன்னன். அவரைக் கட்டிப்போடவே விதியை மாற்றினார்கள். சேத்தி ஆடிய காலத்தில் சிவப்பையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டவும் முடியாது, மூன்று முறைக்கு மேல் கூடாது என்று விதி. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருத்தர் மிக நன்றாக ஆடிவிடுகிறார், உடனே மற்றவர்கள் விதியைத் திருத்துகிறார்கள்.

அமெரிக்காவிலும் இந்த வியாதி உண்டு. அங்கே 'ஸ்ட்ரெய்ட் பூல்' என்று ஒரு ஆட்டம். பந்துக்கு ஒரு பாயின்ட், எந்தப் பந்து எந்தக் குழியில் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். தப்புகிற வரைக்கும் ஆடலாம். வில்லி மொஸ்கோனி என்பவர் 1954-ல் தொடர்ந்து 526 பந்து போட்டார். அறுபத்தைந்து வருஷம் அதை யாரும் நெருங்கவில்லை என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 2019-ல் ஜான் ஷ்மிட் என்பவர் 626 போட்டார். 2022-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேசன் ஷா 714. உடனே, 'இது என்ன போட்டியிலா அடித்தான், கேமராவை வைத்துக்கொண்டு தனியாகத்தானே அடித்தான்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மொஸ்கோனியும் கண்காட்சி ஆட்டத்தில்தான் அடித்தார் என்பதை அந்தக் கூட்டம் சௌகரியமாக மறந்துவிடும். அந்த வகையில் சேத்தி ஒரு படி மேல். அவருடைய 1,276 உலகப் போட்டி மேஜையிலேயே வந்தது. இதற்காகவே மேனேஜர் கட்சிக்கு நான் ஒரு மார்க் போட்டேன்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். திண்ணையில் இருந்த யாருமே மைக் ரஸ்ஸல் பெயரை எடுக்கவில்லை. இங்கிலாந்துக்காரர். 1989-ல் இருபது வயதில் உலக புரொஃபஷனல் சாம்பியன் ஆனவர். அதற்குப் பிறகு வாங்கிய பட்டங்களைச் சேர்த்தால் பத்தைத் தாண்டும். 1992-ல் சேத்தி ஃபைனலில் தோற்கடித்தது அவரைத்தான். 2009-லும் 2012-லும் அத்வானி ஃபைனலில் தோற்கடித்ததும் அவரைத்தான். இரண்டு பேரையும் பெரியவர்கள் ஆக்கியதே அவர்தான் என்றுகூடச் சொல்லலாம். நான் மெதுவாக இதைச் சொன்னபோது, "அவரு வெளிநாட்டுக்காரரு, பொங்கல் அன்னிக்கு எதுக்கு" என்று இரண்டு கட்சியும் கூட்டணி சேர்ந்து என்னை அடக்கிவிட்டார்கள்.

உள்ளேயிருந்து சித்தி, "ஏன்டா, கேரம் போர்டுல நம்ம மெட்ராஸ்காரரு ஒருத்தரு இருந்தாரே, அவரு பேர யாருமே சொல்லலியே?" என்றார். மரிய இருதயம். 1991-லும் 1995-லும் உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் சென்னைப் பெண்தான். அப்பா ஆட்டோ டிரைவர். சித்தி சொன்னது நியாயம். ஆனால், வடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சித்தியின் வாதங்கள் எப்போதும் அப்படித்தான். நடுவரை எதிர்பார்க்காது.

இங்கே சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு வயது எழுபத்து நாலு. இந்த விவாதம் முழுக்கத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். பேச மாட்டார். அந்த வீட்டில் குச்சியும் பந்தும் இருபது வருஷமாக வாயில் வரக் கூடாத சமாச்சாரம்.

2003-ல் தம்பி தர்மபுரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு டயர் கடை மாடியில், இரண்டு பூல் டேபிள் போட்டு யாரோ கடை திறந்தார்கள். ஒரு கேமுக்குப் பத்து ரூபாய். தோற்றவன் கொடுக்க வேண்டும். தம்பி தோற்றதே இல்லை என்பதால் அவனுக்கு அது இலவசக் கல்வி. காலையில் காரிமங்கலத்தில் பஸ் ஏறுகிறவன் காலேஜ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினான். அந்த வருஷம்தான் அத்வானி சைனாவில் ஜெயித்தார். பேப்பரில் வந்த சின்னப் படத்தை வெட்டி காஸ்ட் அக்கவுன்டிங் நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். பரீட்சைக் கட்டணம் ஒரு தடவை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. சித்தப்பா தர்மபுரிக்குப் போய், அந்த மாடிப்படி ஏறி, எல்லார் முன்னாடியும் பையனைக் கீழே இழுத்து வந்தார். வீட்டுக்கு வந்து நோட்டைக் கிழித்தார். அந்தப் பக்கத்தை மட்டும் இல்லை, மொத்த நோட்டையும்.

மறுநாள் ராத்திரி தம்பி பெங்களூர் பஸ் ஏறிவிட்டான்.

அங்கே ஒரு ஸ்நூக்கர் பார்லரில் மார்க்கர் வேலை. மார்க்கர் என்றால் ஸ்கோர் எழுதுகிறவன். பந்தை அடுக்குவது, விழுந்த கலர் பந்தை எடுத்து அதன் புள்ளியில் வைப்பது, மேஜை விளக்கைப் போட்டு அணைப்பது, ஜோடி இல்லாமல் வருகிற கஸ்டமரோடு அவர் மனம் கோணாதபடி ஆடித் தோற்பது. தர்மபுரியில் தோற்காதவன் பெங்களூரில் தோற்பதற்குச் சம்பளம் வாங்கினான். ஒன்பது வருஷம். பிறகு மேஜைக்குத் துணி மாற்றுகிற வேலை கற்றுக்கொண்டான். பழைய துணியை உரித்து, ஸ்லேட் மட்டம் பார்த்து, புதுத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போட வேண்டும். ஒரு நூல் மேடு இருந்தால் பந்து பேச்சுக் கேட்காது. இன்றைக்கு அதுதான் அவன் தொழில். இரண்டு பையன்களை வேலைக்கு வைத்திருக்கிறான். நல்ல வருமானம். சித்தப்பா மட்டும் சொந்தக்காரர்களிடம், "பெங்களூர்ல கம்பெனியில இருக்கான்" என்பார். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்டதில்லை. பெங்களூரில் எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனியில்தானே இருக்கிறார்கள்!

2008-ல் உலக பில்லியர்ட்ஸ் போட்டி பெங்களூரிலேயே நடந்தபோது தம்பி லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தான். ஆக, திண்ணையில் இருந்தவர்களில் உலக சாம்பியன் ஒருவரை நேரில் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அதை அவன் ஒரு வாதமாகவே வைக்கவில்லை. மேனேஜராக இருந்தால் அதை வைத்தே ஜெயித்திருப்பார்.

விவாதம் சூடு பிடித்து, நடுவில் ஊட்டிக்கும் போய் வந்தது. ஸ்நூக்கர் பிறந்ததே நம் நாட்டில்தான். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்கிற ராணுவ அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் வேறு ஆள்) பொழுதுபோகாமல் கண்டுபிடித்தது. அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில். "தமிழ்நாட்டு ஆட்டம் சார் இது" என்றான் தம்பி. "அந்த கிளப்புக்குள்ள உன்னையும் என்னையும் விட்டிருப்பானா?" என்றார் மேனேஜர். ஊட்டியிலிருந்து தர்மபுரி டயர் கடை மாடிக்கு வர அந்த ஆட்டத்துக்கு நூற்றி இருபது வருஷம் பிடித்தது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

மேனேஜர் கடைசி அஸ்திரமாக ஆட்டத்துக்கு வெளியே போனார். "ஜெயிக்கிறது பெருசு இல்ல தம்பி. சேத்தியும் பிரகாஷ் படுகோனும் சேர்ந்து 2001-ல ஒலிம்பிக் கோல்டு குவெஸ்ட்னு ஆரம்பிச்சாங்க. மேரி கோம், சிந்துனு எத்தனை பேருக்குப் பின்னாடி அது நின்னிருக்கு! ஒலிம்பிக்ஸ்ல பில்லியர்ட்ஸே கிடையாது. தனக்குக் கிடைக்காத மெடலுக்கு அடுத்தவங்களைத் தயார் பண்ணின மனுஷன்யா அவர்."

இதற்கு தம்பியிடம் பதில் இல்லை என்றுதான் நினைத்தேன். அவன் வேறு பக்கம் போனான். "அத்வானிக்கு அப்பா சின்ன வயசுலயே தவறிட்டாரு சார். குவைத்துல இருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம். அம்மாதான் ரெண்டு பசங்களையும் வளத்தாங்க. ஸ்கூல் விட்டு பார்லருக்குப் போயி, அண்ணன் ஆடறத நின்னு பாத்துகினு இருந்த பையன்."

அப்போதுதான் தூண் பக்கமிருந்து குரல் வந்தது.

"அப்பன் இல்லாததால தடுக்க ஆள் இல்ல."

யாரும் ஒன்றும் பேசவில்லை. மேனேஜர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடித்து ஓட்டிக்கொண்டு போனார்கள், சலங்கைச் சத்தம் போய் முடிகிற வரைக்கும் அது ஒன்றுதான் கேட்டது. சித்தப்பா குத்தலாகச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் முகம் தேங்காய் மாதிரி. உடைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

தம்பிதான் சமாளித்தான். "அவரும் பி.காம்.தாம்பா. படிப்பையும் முடிச்சாரு" என்றான். யாருக்குச் சாதகமான வாதம் இது என்று புரியவில்லை. முடிக்காத பி.காம்-காரன் ஒருவன், முடித்த பி.காம்-காரனுக்காக, அப்பாவிடம் சிபாரிசு செய்கிறான்.

சித்தப்பா கொஞ்ச நேரம் கழித்து மேனேஜரைக் கேட்டார். "அது என்னாங்க அது, ஆயிரத்து எரநூத்தி எழுவத்தாறு? நடுவுல யாருமே பேச்சு குடுக்கலியா?"

"பேசக் கூடாதுங்க. அந்த ஹால்ல தும்மினாக்கூடத் திரும்பிப் பார்ப்பாங்க."

"தேங்கா எண்ணறப்ப எவனாவது வந்து 'என்ன மண்டிக்காரரே'ன்னா போச்சு. மொதல்ல இருந்து எண்ணணும். நான் மூவாயிரம் வரைக்கும் விடாம எண்ணியிருக்கன். ஆனா, நானு கையில எடுத்துதான போடறன். அவரு குச்சியில தள்ளிகினு இல்ல எண்ணணும்?"

மேனேஜர் இதைத் தன் கட்சிக்குக் கிடைத்த ஓட்டாக எடுத்துக்கொண்டு, 1985 டெல்லி ஃபைனலை விவரிக்க ஆரம்பித்தார். எட்டு மணி நேர ஆட்டம். சேத்திக்கு இருபத்து நாலு வயது. எதிரே ஆஸ்திரேலியாவின் பாப் மார்ஷல். 1936-லேயே உலக சாம்பியன் ஆனவர். டெல்லியில் ஆடும்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

"எத்தினி?"

"எழுபத்தஞ்சுங்க."

"எட்டு மணி நேரமும் நின்னாரா?"

"எதிராளி ஆடறப்ப உக்காரலாம். தன் முறை வந்தா எழுந்து போகணும்."

"தோத்துட்டாரா?"

"தோத்துட்டார். ஆனா, ஃபைனல் வரைக்கும் வந்தாரே!"

"அப்ப இவருதான்யா பெரிய ஆளு" என்றார் சித்தப்பா. விவாதமே உயிரோடு இருப்பவர்களைப் பற்றித்தான், மார்ஷல் காலமாகிவிட்டார், ஆகவே லிஸ்ட்டில் வர மாட்டார் என்று மேனேஜர் விதியை எடுத்துச் சொன்னார். சித்தப்பா கேட்கவில்லை. எழுபத்து நாலு வயதுக்காரருக்கு எழுபத்தைந்து வயதுக்காரர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டால் அதை எந்த விதி தடுக்கும்?

என் தீர்ப்பைக் கேட்கிறீர்களா? ஒரே ஒரு நாள் ஆட்டம் பார்க்க டிக்கெட் கிடைத்தால் நான் 1992 பம்பாய்க்குத்தான் போவேன். ஆனால், என் வாழ்நாள் சேமிப்பை ஒருவர் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு அத்வானிமேல்தான் கட்டுவேன். பெரியவர் யார் என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது பதிலைத்தான் நான் பதிலாக எடுத்துக்கொள்கிறேன். மேனேஜருக்கு இதில் சம்மதமில்லை. 2025 ஏப்ரலில் அயர்லாந்தில் நடந்த உலகப் போட்டி ஃபைனலில், கொல்கத்தா சௌரவ் கோத்தாரி அத்வானியைத் தோற்கடித்த அன்று எனக்கு போன் போட்டு, "பேப்பர் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று திண்ணையில் எட்டு மணிக்கு மேனேஜரை வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா தன் மகனிடம், "அந்த ஆட்டம் உன் போன்ல வருமா?" என்றார். கேட்டது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து.

தம்பி ஏதோ ஒரு பழைய பில்லியர்ட்ஸ் மேட்சைத் தேடி எடுத்தான். போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தான். ஆடுகிறவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை. "செவப்பு உழுந்தா மூணு. ரெண்டையும் தொட்டா ரெண்டு. செவப்புல பட்டு தன் பந்தே உழுந்தாலும் மூணு" என்று தம்பி சொல்லிக்கொடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. சித்தப்பாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. விரல், தேங்காய் எண்ணும்போது மடக்குவதுபோல, மடங்கி மடங்கி விரிந்தது. கால் மணி நேரம் இருக்கும். திரையில் அந்த ஆள் ஒரு அடியைக் கோட்டைவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

"எரநூத்தி நாப்பத்தொண்ணு" என்றார் சித்தப்பா.

"நாப்பத்தி மூணுப்பா. அந்த மூலையில ஒரு கேனன் போச்சு, பாக்கலியா நீ?"

சித்தப்பா போனையே பார்த்தார். "திருப்பி மொதல்ல இருந்து போடு."